கைத்தொண்டும் கழகத் தொண்டும்

திருப்பணி நிறைவெய்தி, கலசங்களில் புனித நீர் சொரியப்படும் நாள் ஓர் ஊரின் வாழ்வில் பெருநாளாகும். கோபுரம் புதுவண்ணம் பூண்டு நிற்கின்றது. வேள்விச் சாலையில் வேத ஒலியும் திருமுறை ஒலியும் ஒருங்கே எழுகின்றன. பொருளுதவிய பெருமக்களின் உள்ளம் குளிர்கின்றது. இம்மகிழ்ச்சிக்கு நடுவே சிந்திக்கற்பாலதாகிய வினா ஒன்று உண்டு. குடமுழுக்கைத் தொடர்ந்து நாற்பத்தெட்டு நாள் மண்டல பூசை நடைபெறும். அது முடிந்த மறுநாட் காலையில் இத்திருச்சுற்றைப் பெருக்குபவர் யாவர்?

வினா சிறிதாகத் தோன்றலாம், சிறிதன்று. பன்னீராண்டுக்கு ஒருமுறை குடமுழுக்குச் செய்வது நம் நாட்டு வழக்கம். அந்தப் பன்னீராண்டு இடைவெளியில் கோபுரத்துக்குப் பகையாக வருவது இடியன்று, மின்னலன்று. பறவை உண்டு எச்சமிட்ட ஓர் அரச விதையே. மழை ஈரத்தில் அது முளைக்கின்றது. முதல் மாதத்தில் ஒரு சிறுவன் இரு விரலாற் கிள்ளி எறியலாம். மூன்றாம் ஆண்டில் அதன் வேர் சுதையின் இடுக்கிற் புகுந்துவிடும். பத்தாம் ஆண்டில் அதனைப் பறித்தால் கல்லும் உடன் பெயரும். பறியாது விட்டால் பிளவின் வழியே மழைநீர் இறங்கும். உரிய நாளில் ஒருவர் குனியாமையால், பின்னொரு நாளில் ஊரே கூடிப் பெரும்பொருள் செலவிட நேர்கின்றது. அந்த உரிய நாளிற் குனிபவரே தொண்டர். அத்தகையோர் பலர் ஒருங்கு கூடி, முறை வகுத்துக்கொண்டு, இடைவிடாது பணிபுரிவதே தொண்டர் கழகம்.

இத்தகைய கழகங்களின் இயல்பையும், அவை போற்றத்தக்க நெறிகளையும் ஆராய்வதற்குக் கடலூரும் சிதம்பரமும் சூழ்ந்த இந்நாட்டைக் காட்டிலும் பொருத்தமான இடம் வேறில்லை. தொண்டு என்னும் சொல்லுக்கு உருவம் கொடுத்த பெரியோர் இம்மண்ணில் நடந்தனர்.

பண்ருட்டியை அடுத்த திருவாமூரில் தோன்றியவர் திலகவதியார். பெற்றோரை இழந்தார், தமக்கென்று உறுதி செய்யப்பட்டிருந்த கலிப்பகையாரைப் போரில் இழந்தார், தம்பி மருள்நீக்கியார் ஒருவர் பொருட்டே உயிர் தாங்கினார். அத்தம்பியும் சமண் சமயம் சார்ந்து, திருப்பாதிரிப்புலியூராகிய பாடலிபுத்திரத்துப் பள்ளியிற் சேர்ந்துவிட்டார். அந்நிலையில் அம்மையார் மனம் இடிந்து அமர்ந்தாரல்லர். திருவதிகை வீரட்டானத்தை அடைந்து, வைகறையில் எழுந்து திருவலகிட்டார், திருமெழுக்கிட்டார், நந்தவனத்து மலர் கொய்து மாலை தொடுத்தார். சூலைநோயால் வருந்தித் திரும்பிய தம்பியை அவர் அழைத்துச் சென்ற இடமும், நாள்தோறும் தம் கையாற் பெருக்கிய அத்திருக்கோயிலேயாம். தமிழ்நாட்டில் உழவாரத் தொண்டின் வரலாறு கூறப் புகுவோர், இப்பெண்மணியின் கைத் துடைப்பத்திலிருந்தே தொடங்குதல் வேண்டும்.

மருள்நீக்கியார் திருநாவுக்கரசர் ஆயினார். பல்லவ மன்னனின் ஆணைக்கு அஞ்சாது நின்றார். கல்லோடு பிணித்துக் கடலில் இடப்பட்டும், ஐந்தெழுத்தின் துணையாற் கரையேறினார். அவர் கரை சேர்ந்த இடம் கடலூரில் கரையேறவிட்டகுப்பம் என்று இன்றும் வழங்குகின்றது. வேந்தனையும் வென்ற அப்பெருமகனார் தம் கையில் ஏந்தியது யாது? செங்கோலன்று, வாளன்று, புல் செதுக்கும் உழவாரப்படை. எந்தச் சிவாலயத்திலும் அவர் திருவுருவத்தை அக்கருவியைக் கொண்டே இனங்காணலாம். அவர் பாடிய பதிகங்கள் எத்துணைப் பெருமையுடையனவோ, அவர் செதுக்கிய புல்லும் அத்துணைப் பெருமையுடையது என்று தமிழ்ச் சிற்பிகள் கருதினர் போலும்.

இவ்விடத்துத் திருவீழிமிழலை வரலாற்றை நினைவுகூர்தல் தகும். பெரிய புராணம் அதனை அழகுற விரித்துரைக்கின்றது. மழை பொய்த்து நாட்டிற் பஞ்சம் தலைவிரித்தாடிய காலம். அடியார்களுக்கு அமுதளிக்கும் பொருட்டுத் திருஞானசம்பந்தருக்கும் திருநாவுக்கரசருக்கும் இறைவன் நாள்தோறும் படிக்காசு அருளினான். கிழக்குப் பீடத்தில் ஒன்று, மேற்குப் பீடத்தில் ஒன்று. இருவர் திருமடத்திலும் அடியார்க்கு அமுது படைக்கப்பட்டது. ஆயின் நாவுக்கரசர் மடத்தில் உரிய பொழுதிற் பந்தி நடந்தது. சம்பந்தர் மடத்தில் காலம் தாழ்ந்தது. காரணத்தை வினவியபோது, கடைவீதியில் ஒரு காசுக்கு வட்டம் கேட்கின்றனர், மற்றொரு காசை அவ்வாறே ஏற்றுப் பண்டம் தருகின்றனர் என்பது தெரியவந்தது. நாவுக்கரசர் கையாலும் தொண்டு செய்பவர். ஆதலின் அவர் பெற்ற காசுக்கு வாசி இல்லை என்பது சேக்கிழார் உணர்த்தும் பொருள். ஆளுடைய பிள்ளையார் பின்னர்ப் பதிகம் பாடித் தாமும் வாசி நீங்கிய காசு பெற்றார்.

இவ்வரலாறு ஞானக் குழந்தையின் பெருமையைக் குறைப்பதற்கு எழுந்ததன்று. உலகோருக்கு ஒரு பாடம் கற்பிக்க எழுந்தது. பொருள் மட்டும் கொடுக்கும் தருமத்துக்குச் சிறிது வட்டம் உண்டு. கையும் உடன் உழைத்த தருமத்துக்கு வட்டம் இல்லை. கொடையாளர் நிறைந்த இவ்வவையில் இதனைக் கூறுதல் குறையாகாது. கொடையின்றித் திருப்பணி இல்லை. ஆயினும் நன்கொடைச் சீட்டுப் பெற்றவுடன் தம் கடமை நிறைந்தது என்று கருதுவோர், மிழலைக் கடைவீதியை ஒருகணம் எண்ணிப் பார்த்தல் நலம்.

இனி, தருமத்திற் பெயர் பொறித்தல் பற்றியும் ஒரு வரலாறு உண்டு. திருவையாற்றை அடுத்த திங்களூரில் வாழ்ந்த அப்பூதியடிகள் தண்ணீர்ப் பந்தல் அமைத்தார், குளம் தொட்டார், சோலை வைத்தார். அவற்றுள் ஒன்றிலேனும் தம் பெயரை அவர் எழுதினாரல்லர். தாம் நேரிற் கண்டறியாத திருநாவுக்கரசரின் பெயரையே எல்லாவற்றுக்கும் சூட்டினார். அவர் மக்கள், ஆவினங்கள், அளக்கும் படிகள், நிறைகோல் யாவும் அப்பெயரையே தாங்கின. வழிநடையில் அப்பந்தலைக் கண்ட நாவுக்கரசர், இவர் தம் பெயரை எழுதாது வேறொரு பெயர் எழுதியது ஏன் என வினவியதும், அடிகள் வெகுண்டு விடையிறுத்ததும் அன்பர்கள் அறிந்தனவே. வேனிற்காலத்தில் தெருமுனையிற் பந்தலிட்டு நீர்மோர் வழங்கும் கழகங்கள் இன்றும் பல. பந்தலின் முகப்பிலே கழகத் தலைவரின் படம் பெரிதாகவும், மோர்ப் பானை சிறிதாகவும் அமைந்துவிடுதலும் சில இடங்களில் உண்டு. திங்களூர்ப் பந்தலை நினைப்பவர்க்கு இந்த அளவு தானே சீர்ப்படும்.

அப்பர் பெருமானுக்குப் பல நூற்றாண்டுக்குப் பின்னர், அதே நாட்டிலே கழகத் தொண்டுக்கு நிலைத்த வடிவம் கொடுத்தவர் வள்ளலார். சிதம்பரத்துக்கு அணித்தான மருதூரில் 1823 ஆம் ஆண்டு தோன்றிய இராமலிங்க அடிகள், 1865 ஆம் ஆண்டில் சன்மார்க்க சங்கத்தை நிறுவினார். வெறும் பேச்சுக் கூடமாக அச்சங்கம் நின்றுவிடவில்லை. 1867 ஆம் ஆண்டு மே மாதம் 23 ஆம் நாள் வடலூரில் சத்திய தருமச்சாலை தொடங்கப்பெற்றது. பார்வதிபுரத்து மக்கள் எண்பது காணி அளவு நிலம் உவந்தளித்தனர். அன்று மூட்டிய அடுப்பு இன்றும் அணையாது எரிகின்றது. பசித்து வருவோர் எவராயினும் சாதி, சமயம், ஊர், குலம் வினவாது உணவளிக்கப்படுகின்றது.

இவ்வடுப்பின் பெருமை யாண்டுள்ளது? நிலம் கொடுத்தவர் ஒருநாள் கொடுத்தார்; நெல் கொடுத்தவர் அறுவடைக்கு அறுவடை கொடுத்தார். நெருப்போ, ஒவ்வோரிரவும் ஒருவர் விழித்திருந்து விறகைத் தள்ளியதனால் நிலைத்தது. ஒன்றரை நூற்றாண்டுக்கு மேற்பட்ட அத்தனை இரவுகளிலும் அடுப்பின் அருகில் இருந்தோரின் பெயர்ப் பட்டியல் கல்லிற் பொறிக்கப்படவில்லை. அவ்வடுப்பே அவர்தம் கல்வெட்டு. சங்கம் அமைப்பது எளிது. தொடக்க விழா நடத்துவது அதனினும் எளிது. நூறாவது நாள், ஆயிரமாவது நாள், எவரும் பாராத நள்ளிரவில் விறகு தள்ளுவதே அரிது. தொண்டர் கழகம் என்பது அந்த அரிய செயலுக்காக ஏற்பட்டது.

தில்லைப் பதியிலும் இம்மரபு தழைத்தது. யாழ்ப்பாணத்து நல்லூர் ஆறுமுக நாவலர், அன்பர்கள் உதவிய பொருள்கொண்டு, 1864 ஆம் ஆண்டு சிதம்பரத்தில் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார். கோயிலை வலம் வருவதோடு அமையாது, கோயில் நகரத்துப் பிள்ளைகள் எழுத்தறிந்து திருமுறை ஓதவேண்டும் என்பது அவர் நோக்கம். கடல் கடந்த ஊரார் தில்லைச் சிறுவர்க்குப் பள்ளி அமைத்த செயல், தொண்டுக்கு ஊர் எல்லை இல்லை என்பதைக் காட்டுகின்றது.

அவ்வாறே, ஆரணிப் பக்கத்தில் ஏழைக் குடியிற் பிறந்து, துறவு பூண்டு தில்லையை அடைந்தவர் சுவாமி சகஜானந்தர். 1916 ஆம் ஆண்டில் அவர் நந்தனார் பெயரால் ஒரு பள்ளியைத் தொடங்கினார். திருநாளைப்போவார் பிறந்த குலத்துப் பிள்ளைகளுக்கு அக்காலத்தில் கல்விச்சாலைகளின் கதவு எளிதில் திறக்கவில்லை. தில்லை நடராசப் பெருமானைக் காண ஏங்கி நின்ற நந்தனாரின் கதையைக் கேட்டுக் கண்ணீர் வடித்தோர் பலர். அந்நந்தனாரின் வழிவந்த சிறுவனுக்குப் பலகையும் சோறும் இடமும் தந்தவர் சகஜானந்தர். சட்டமன்றத்திலும் அம்மக்களுக்காகக் குரல் எழுப்பினார். 1959 ஆம் ஆண்டில் அவர் மறைந்தார். அவர் நட்ட கல்வி மரம் நின்றது. கதை கேட்டு உருகுவது பக்தியின் தொடக்கம். கண்ணெதிரே நிற்பவனுக்குக் கதவைத் திறப்பது அதன் முதிர்ச்சி. தன் உறுப்பினரின் தெருவுக்கு மட்டும் விளக்கேற்றும் கழகம், எத்துணைப் பொருள் திரட்டினும், தொண்டர் கழகம் ஆகாது.

இவ்வாறு தமிழ்நாட்டில் அடியார் மரபாக வளர்ந்த கூட்டுத் தொண்டு, மேனாட்டில் வேறொரு வடிவில் எழுந்தது. திருப்பாதிரிப்புலியூர் ஞானியாரடிகளும் மறைமலையடிகளும் முயன்று சைவ சித்தாந்த மகா சமாஜத்தை உருவாக்கிய அதே 1905 ஆம் ஆண்டில், அமெரிக்க நாட்டுச் சிக்காகோ நகரில் பால் ஹாரிஸ் என்னும் வழக்கறிஞர் நண்பர் மூவருடன் ஒரு சங்கத்தைத் தொடங்கினார். உறுப்பினரின் அலுவலகங்களிற் சுழன்று சுழன்று கூடியமையால் அதற்கு ரோட்டரி என்று பெயர் வந்தது. தொடக்கத்தில் அது வணிகரும் தொழில் வல்லாரும் நட்புக் கொள்வதற்கான கூட்டமாகவே இருந்தது. பின்னர், நட்பு பிறருக்குப் பயன்படாவிடிற் பொருளற்றது என்று உணர்ந்தனர். அவர்கள் முதன்முதல் மேற்கொண்ட பொதுப்பணி யாது? சிக்காகோ நகரில் பொதுமக்களுக்குக் கழிப்பிடம் அமையப் பாடுபட்டதேயாம். செல்வர் பலர் கூடிய சங்கம் ஒன்று, தன் தொண்டின் முதற்படியாகக் கழிப்பிடத்தைத் தேர்ந்தது வியப்பன்று. திருநாவுக்கரசர் புல்லைத் தேர்ந்தார். திலகவதியார் துடைப்பத்தைத் தேர்ந்தார். பிறர் கை வைக்கக் கூசும் இடத்திலேதான் தொண்டின் வாயில் உள்ளது.

1917 ஆம் ஆண்டில் மெல்வின் ஜோன்ஸ் என்பவர் அந்நகரிலேயே அரிமா சங்கத்துக்கு அடிகோலினார். கண்ணும் செவியும் இழந்தும் கல்வியிற் சிறந்த ஹெலன் கெல்லர் அம்மையார், 1925 ஆம் ஆண்டு அச்சங்கத்தார் முன் தோன்றி, பார்வையற்றோருக்கு உதவ முன்வருமாறு வேண்டினார். அந்த வேண்டுகோளை ஏற்றதன் பயனே, சிற்றூர்ப் பள்ளிக்கூடங்களிலும் திருமண மண்டபங்களிலும் அரிமா சங்கத்தார் இன்று நடத்தும் கண் மருத்துவ முகாம்கள். கண்புரை நீங்கிய மூதாட்டி ஒருவர், பல்லாண்டுக்குப் பின் கருவறைத் தீபத்தைத் தெளிவாகக் காண்பது கண்கூடு. அவருக்கு அந்தக் கண்ணொளியும் ஒரு குடமுழுக்கே.

இவ்விரு சங்கங்களின் கிளைகளும் கடலூரிலும் சிதம்பரத்திலும் உள்ளன. குருதிக் கொடை, கண் முகாம், மரம் நடுதல், ஏழை மாணவர்க்கு நூலும் சீருடையும் வழங்குதல் என அவற்றின் பணிகள் பலவாறு விரிகின்றன. கூட்டுத் தொண்டின் ஆற்றலுக்கு இளம்பிள்ளை வாத ஒழிப்பு ஒன்றே சான்று. 1985 ஆம் ஆண்டில் உலகெங்கும் அந்நோயை ஒழிக்க ரோட்டரி இயக்கம் உறுதி பூண்டது. 1995 ஆம் ஆண்டு முதல் இந்திய அரசு, குறித்த நாட்களில் நாடு முழுவதும் ஒருசேரச் சொட்டு மருந்து வழங்கியது. பேருந்து நிலையங்களிலும் பள்ளிகளிலும் கோயில் வாயில்களிலும் சிறு மேசையிட்டு அமர்ந்த சுகாதாரப் பணியாளர்களுக்குக் கழக உறுப்பினர் துணை நின்றனர். 2011 ஆம் ஆண்டு சனவரியில் மேற்கு வங்கத்தில் ஒரு குழந்தைக்குக் கண்டதே இந்நாட்டின் இறுதி நிகழ்ச்சி. 2014 ஆம் ஆண்டு மார்ச்சு 27 ஆம் நாள் இந்தியா அந்நோய் நீங்கிய நாடெனச் சான்று பெற்றது. ஒரு குழந்தைக்கு இரண்டு சொட்டு, அவ்வளவே கொடுக்கப்பட்டது. ஆயின் ஒரு வீடும் விடுபடாமற் கொடுக்கப்பட்டது. கோபுரத்து அரசங்கன்றை முளையிலே கிள்ளுவது போன்ற செயல் அது.

தொண்டின் உண்மைத் தரம் இடர் வந்த நாளிற் புலப்படும். 2004 ஆம் ஆண்டு டிசம்பர் 26 ஆம் நாள், ஞாயிற்றுக்கிழமைக் காலையில், கடல் பொங்கி ஊருக்குட் புகுந்தது. தேவனாம்பட்டினம் முதலாகக் கிள்ளை வரை கடற்கரைக் குப்பங்கள் சிதைந்தன. கடலூர் மாவட்டத்தில் மட்டும் அறுநூறு பேருக்கு மேல் மாண்டனர். நாவுக்கரசரைக் கரையேற்றிய அதே கடல் அன்று கரையிலிருந்தோரை வாரிச் சென்றது. அரசு இயந்திரம் முழுமையாக வந்து சேருமுன் முதலில் நீண்டவை அண்டை ஊராரின் கைகளே. பரங்கிப்பேட்டை இசுலாமிய ஜமாஅத்தார், ஓடி வந்த இந்து மீனவக் குடும்பங்களுக்கு இடமளித்து, உணவு ஆக்கிப் பல நாள் பசியாற்றினர். உண்டவர் சமயத்தை உணவளித்தவர் வினவவில்லை. அளித்தவர் சமயத்தை உண்டவரும் வினவவில்லை. வடலூர் அடுப்பின் வெப்பம் அன்று பரங்கிப்பேட்டையிலும் கனன்றது என்று கூறின் மிகையாகாது. 2011 ஆம் ஆண்டின் தானே புயலிலும் 2015 ஆம் ஆண்டின் பெருவெள்ளத்திலும் இம்மாவட்டம் மீண்டும் சோதனைக்கு உள்ளாயிற்று.

அத்தகைய நாட்களில் ஓர் உண்மை தெளிவாயிற்று. முன்னரே கூடிப் பழகி, எவரிடம் வண்டி உண்டு, எவர் வீட்டிற் பெரிய பாத்திரம் உண்டு, எவர் நீந்த வல்லார், எந்தத் தெருவில் நடமாட இயலாத முதியோர் உளர் என்று அறிந்து வைத்திருந்த ஊர்க்குழுக்கள் உடனே செயற்பட்டன. அன்பு எல்லார்க்கும் உண்டு. அவ்வன்பை ஒழுங்குபடுத்தி வைப்பது கழகம். வாரந்தோறும் கூடுதல், கணக்கு எழுதுதல், முறை வைத்துப் பணி பகிர்தல் ஆகிய சிறு பழக்கங்கள் வீணல்ல என்பதற்கு வேறு சான்று வேண்டுவதில்லை.

மெய்யன்பர்களே! இதுகாறும் கூறியவற்றால் தொண்டர் கழகத்துக்குரிய நெறிகள் நான்கு பெறப்படும்.

முதலாவது, கைத்தொண்டு. உறுப்பினர் பணம் செலுத்துவதோடு அமையாது, மாதத்தில் ஒரு பொழுதேனும் தாமே வந்து உழைத்தல் வேண்டும். திருச்சுற்றுப் பெருக்குதல், குளத்துக் கரை சீர்செய்தல், பாத்திரம் துலக்குதல் ஆகியவற்றில் உயர்வு தாழ்வு இல்லை. கைத்தொண்டுக்கு அறிவும் துணை நிற்றல் வேண்டும். ஆர்வ மிகுதியாற் கற்சுவரில் மணல் வீசித் தேய்ப்பதும், கல்வெட்டின் மேல் வண்ணம் பூசுவதும் தொண்டாகா. அவை முன்னோரின் எழுத்தை அழிப்பனவாகும். அறிந்தோரைக் கேட்டு, உரிய இசைவு பெற்று, செய்யத் தகுவதைச் செய்தல் முறை.

இரண்டாவது, இடையறாமை. ஒருநாள் பெரும்பணியினும், நாள்தோறும் செய்யும் சிறுபணி மேலானது. பதவியேற்பு விழாவில் நூறு பேரும், பணிநாளில் ஐவரும் வரும் கழகம் தன்னைத் தானே சோதித்துக்கொள்ளட்டும்.

மூன்றாவது, பெயர் விரும்பாமை. கணக்கு யாவரும் காண வெளியாக இருத்தல் வேண்டும்; தொண்டு செய்தவர் பெயர் உள்ளடங்கி நிற்றல் வேண்டும். இவ்விரண்டும் இடம் மாறினால் கழகம் கெடும்.

நான்காவது, வேறுபாடு பாராமை. கோயிலைச் சூழ்ந்து வாழும் எல்லாத் தெருவினரும் அக்கோயிலுக்கு உரியவர். தொண்டு பெறுவதற்கு மட்டுமின்றித் தொண்டு செய்வதற்கும் அவர் யாவரும் அழைக்கப்படல் வேண்டும். பெண்டிரும் அவ்வாறே, திலகவதியார் பிறந்த நாட்டில் பெண்டிரின்றித் தொண்டர் கழகம் அமைப்பது வேரின்றி மரம் நடுவதாகும்.

இன்று இங்குத் திருப்பணிக்கு உதவியோர் பெயர்கள் இம்மலரில் நன்றியோடு குறிக்கப்பெறுகின்றன, அது தக்கதே. ஆயின் இம்மலரில் இடம்பெறாத ஒரு பட்டியலும் உண்டு. இனிவரும் பன்னிரண்டு ஆண்டுகளில், விடியற்காலையில் துடைப்பத்தோடு வருபவர், மழைக்காலம் முடிந்ததும் விமானத்தின் மேல் முளைத்த கன்றைக் கண்டு சொல்பவர், வாயிலிற் பசித்திருப்பவனுக்கு இலை இடுபவர், பள்ளி செல்லாத சிறுவனைக் கைப்பிடித்து அழைத்துச் செல்பவர் ஆகியோரின் பட்டியல் அது. அடுத்த குடமுழுக்கின்போது கோபுரம் பிளவின்றி நிற்குமாயின், அதனைக் கண்டு எவரும் வியக்கமாட்டார். வியப்புக்கு இடமில்லாதபடி காத்ததே அவர்தம் சிறப்பு.

அப்பர் பெருமான் ஏந்திய உழவாரத்தின் காம்பு இன்னும் ஒருவர் கைக்காகக் காத்திருக்கின்றது. அதனைப் பற்றும் கைகள் இவ்வூரிற் பெருகுக! வடலூர் அடுப்பென அவர்தம் தொண்டு அணையாது ஒளிர்க! அம்பலவாணன் திருவருள் அனைவருக்கும் துணை நிற்பதாகுக!

திருச்சிற்றம்பலம்.